எழுபது ரூபாய் வானொலி

நுழையும்முன்

ஒரு கருவியைப் புதிதாகப் படைப்பது ஒரு திறன். அதை எளிய மனிதரும் வாங்கும் விலையில் செய்து தருவது மற்றொரு திறன். முதல் திறன் பெற்றோரை உலகம் அறிவியலாளர் என்று போற்றுகிறது. இரண்டாம் திறனையும் சேர்த்துப் பெற்றவர்கள் மிகச் சிலரே. தமிழ்நாட்டில் அத்தகையோருள் முன்னிற்பவர் ஜி.டி. நாயுடு. வானொலி என்பது செல்வர் வீட்டுப் பொருளாக இருந்த காலத்தில், ஐந்து வால்வுகள் கொண்ட வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்குச் செய்து தர இயலும் என்று அவர் அறிவித்தார். அந்த அறிவிப்பின் பின்புலத்தையும், அதற்குப் பின்னால் நின்ற வாழ்க்கையையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பள்ளிக்கு வெளியே ஒரு மாணவர்

கோபால்சாமி துரைசாமி நாயுடு, கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் 1893-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் நாள் பிறந்தார். வேளாண்மையை வாழ்வாகக் கொண்ட குடும்பம் அது. மிக இளம் வயதிலேயே தாயை இழந்தார். பள்ளிக் கல்வி அவரை ஈர்க்கவில்லை. தொடக்க வகுப்புகளோடு அவருடைய படிப்பு நின்றது. எனினும், கற்கும் வேட்கை நிற்கவில்லை. கண்ணில் பட்ட ஒவ்வொரு பொருளும் எவ்வாறு இயங்குகிறது என்று அறிந்துகொள்ளும் ஆர்வம் அவரிடம் வளர்ந்துகொண்டே இருந்தது.

வெள்ளைக்கார வருவாய்த்துறை அலுவலர் ஒருவர் தம் ஊர்ப்பக்கம் ஓட்டி வந்த ரட்ஜ் வகை மோட்டார் சைக்கிள், இளைஞர் துரைசாமியின் வாழ்க்கைப் போக்கையே மாற்றியது. குதிரையோ மாடோ இழுக்காமல் ஓடும் அவ்வண்டியின் உள்ளே என்ன இருக்கிறது என்பதை அறிந்தே தீர வேண்டும் என்று அவர் எண்ணினார். கோவைக்குச் சென்று உணவு விடுதி ஒன்றில் பணியாளராகச் சேர்ந்தார். மூன்று ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த பணத்திலிருந்து 300 ரூபாய் கொடுத்து அந்த வண்டியை விலைக்கு வாங்கினார். வாங்கிய வண்டியில் ஊர்வலம் வருவதை அவர் விரும்பவில்லை. அதைப் பகுதி பகுதியாகப் பிரித்தார், ஒவ்வொன்றையும் ஆராய்ந்தார், மீண்டும் பூட்டி ஓட்டினார். அவ்வண்டியே அவருக்குப் பாடநூலாகவும் ஆய்வுக்கூடமாகவும் அமைந்தது. பிரித்தறிந்து கற்பது என்னும் இம்முறையை அவர் வாழ்நாள் முழுவதும் கைவிடவில்லை.

சாலையில் தொடங்கிய தொழில்

பருத்தி வணிகத்தில் ஈடுபட்டு ஈட்டிய பொருளை, அதே வணிகத்தில் பம்பாயில் இழந்து ஊர் திரும்பினார் நாயுடு. அவருடைய நேர்மையையும் இயந்திர அறிவையும் நன்கறிந்தவர், கோவையின் தொழில் முன்னோடிகளுள் ஒருவரான இராபர்ட் ஸ்டேன்ஸ். அவர் அளித்த கடனுதவியோடு 1920-ஆம் ஆண்டு ஒரு பேருந்தை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே இயக்கினார். முதலாளி, ஓட்டுநர், பழுதுபார்ப்பவர் ஆகிய மூவரின் வேலையையும் அவர் ஒருவரே செய்தார்.

ஒரு பேருந்து பலவாகப் பெருகியது. யு.எம்.எஸ். என்ற மூன்றெழுத்துகள் கொங்கு நாட்டுச் சாலைகளில் காலந்தவறாமைக்கும் ஒழுங்குக்கும் அடையாளமாயின. பேருந்துகளைப் பழுதுபார்க்க எழுந்த பணிமனைகளே, பின்னாளில் புதிய கருவிகள் பிறந்த தொழிற்கூடங்களாக வளர்ந்தன.

அக்காலத்தில் கோவையும் மாறிக்கொண்டிருந்தது. நீலகிரி மலையின் பைக்காரா நீர்மின் நிலையம் 1932-ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கியது. அங்கிருந்து இறங்கி வந்த மின்சாரம் பருத்தி ஆலைகளைப் பெருக்கியது. மின்சாரம் வந்தபின் மின்னோடிகள் தேவைப்பட்டன. அவையெல்லாம் கடல் கடந்து வந்தன. இந்நிலையை மாற்றும் முயற்சியில் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு இணைந்து ஜி.டி. நாயுடு ஈடுபட்டார். இந்திய மண்ணில் உருவான முதல் மின்னோடிகளுள் ஒன்று, 1937-ஆம் ஆண்டு கோவையை அடுத்த பீளமேட்டில் அவர்கள் முயற்சியால் வெளிவந்தது.

கடல் கடந்து கற்றவை

நாயுடு பலமுறை ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் பயணம் செய்தார். மற்றவர்கள் மாளிகைகளையும் நினைவுச் சின்னங்களையும் கண்டுவரச் சென்றபோது, அவர் தொழிற்சாலைகளைக் காணச் சென்றார். ஜெர்மனியின் கைவினை நுட்பம் அவரைப் பெரிதும் கவர்ந்தது. உலர் மின்கலத்தால் இயங்கும் சிறு மின்னோடி பொருத்திய முகச்சவரக் கருவி ஒன்றை உருவாக்கி, ரசாந்த் என்னும் பெயரில் ஜெர்மனியில் செய்வித்தார். மெல்லிய சவர அலகு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயால் இயங்கும் மின்விசிறிக்கு மாற்றான விசிறி, முறைகேடு செய்ய இயலாத வாக்குப்பதிவுக் கருவி எனப் பல படைப்புகள் அவர் பெயரோடு இணைந்துள்ளன.

இப்படைப்புகளை ஒருசேர நோக்கினால் ஒரு பொதுத்தன்மை புலப்படும். இவற்றுள் பெரும்பாலானவை அன்றாட வாழ்வில் சாதாரண மனிதருக்குப் பயன்படுபவை. மின்சாரம் எட்டாத வீட்டிற்கு மண்ணெண்ணெய் விசிறி. கடைக்குச் செல்ல நேரமில்லாதவருக்குத் தாமே மழித்துக்கொள்ளும் கருவி. வானொலியின்மீது அவர் பார்வை திரும்பியதும் இதே வழியில்தான்.

கண்ணாடிக் குழாயின் கதை

நாயுடு அறிவித்த வானொலியின் சிறப்பை உணர, அதன் உயிராக விளங்கிய வால்வு என்னும் வெற்றிடக் குழாயை அறிந்துகொள்வது தேவையாகும்.

மின்விளக்கை ஆராய்ந்துகொண்டிருந்த எடிசன், சூடேறிய இழையிலிருந்து குமிழுக்குள் இருந்த மற்றோர் உலோகத் தகட்டிற்கு வெற்றிடத்தின் வழியே மின்னோட்டம் பாய்வதை 1880-களில் கண்டார். அதன் பயனை அவர் தொடர்ந்து ஆராயவில்லை. இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் அம்புரோஸ் பிளெமிங், 1904-ஆம் ஆண்டு அந்நிகழ்வைக் கொண்டு ஈர்முனைக் குழாயைப் படைத்தார். சூடான முனையிலிருந்து புறப்படும் எலக்ட்ரான்கள் எதிரே உள்ள தகட்டிற்குச் செல்லும், திரும்பி வாரா. மிதிவண்டிச் சக்கரத்தின் வால்வு காற்றை உள்ளே விட்டு வெளியே விடாதிருப்பதுபோல, இக்குழாயும் மின்சாரத்தை ஒரு திசையில் மட்டுமே செல்லவிட்டது. அதனால் வால்வு என்ற பெயரே அதற்கு நிலைத்தது.

அமெரிக்கரான லீ டி ஃபாரஸ்ட் 1906-ஆம் ஆண்டு, அவ்விரு முனைகளுக்கும் இடையே வலைபோன்ற மூன்றாம் முனையொன்றை அமைத்தார். வயலுக்குச் செல்லும் வாய்க்காலின் மடைப்பலகையைச் சற்றே தூக்கினால் நீர் பெருகிப் பாயும். சற்றே தாழ்த்தினால் ஓட்டம் குறையும். பலகையை அசைக்கும் கைக்குச் சிறிய வலிமையே போதும். பாயும் நீரோ பேரளவு. அவ்வாறே, அவ்வலையில் ஏற்படும் மிகச்சிறு மின்மாற்றம், தகட்டை நோக்கிப் பாயும் பெரிய மின்னோட்டத்தை ஆட்டுவித்தது. தொலைவிலிருந்து வானலையில் மிதந்து வரும் நலிந்த குறிப்பு, அறை முழுவதும் கேட்கும் குரலாக வளர்ந்தது இதனால்தான்.

ஐந்து வால்வு வானொலி என்பது ஐந்து பணியாளர்கள் வரிசையாக நின்று வேலை செய்யும் கூடத்திற்கு ஒப்பாகும். வானலைக் கம்பி பிடித்துத் தரும் பல அலைவெண்களுள் வேண்டிய நிலையத்தின் அலையை, முதல் வால்வு, எல்லா நிலையங்களுக்கும் பொதுவான ஓர் இடைநிலை அலைவெண்ணாக மாற்றுகிறது. இரண்டாம் வால்வு அதனைப் பெருக்குகிறது. மூன்றாம் வால்வு, அலையின்மீது ஏறிவந்த ஒலிக்குறிப்பைத் தனியே பிரித்து, அதனைச் சற்று வலுப்படுத்துகிறது. நான்காம் வால்வு, ஒலிபெருக்கியை அதிரச் செய்யும் ஆற்றலை அக்குறிப்பிற்கு அளிக்கிறது. ஐந்தாம் வால்வு ஒலியைத் தொடுவதே இல்லை. வீட்டிற்கு வரும் மாறுதிசை மின்சாரத்தை நேர்திசை மின்சாரமாக மாற்றி மற்ற நால்வருக்கும் உணவு வழங்குவது அதன் பணி. பிளெமிங் கண்ட ஒருவழிப்பாதைத் தத்துவம் இந்த ஐந்தாம் வால்வில் அப்படியே பயன்பட்டது.

இத்தகைய வானொலியின் திருகைத் திருப்பியவுடன் ஒலி வராது. வால்வுகளின் உள்ளே உள்ள இழைகள் சூடேறிச் செந்நிறமாய் ஒளிர வேண்டும். ஏறத்தாழ அரை நிமிடம் கழித்து, மெல்லிய இரைச்சலோடு குரல் எழும். வீட்டில் உள்ளோர் பெட்டியின் முன் அமர்ந்து காத்திருந்த அந்த அரை நிமிடம், ஒரு தலைமுறையின் நினைவில் பதிந்த ஒன்றாகும்.

தெரிந்து தெளிவோம்

பழைய வால்வுகளின் கண்ணாடி உச்சியிலோ பக்கத்திலோ வெள்ளிபோல் மின்னும் பூச்சு ஒன்று காணப்படும். அது அழகுக்காகப் பூசப்பட்டதன்று. குழாயிலிருந்து காற்றை வெளியேற்றிய பிறகும் எஞ்சியிருக்கும் வளித் துகள்களைப் பற்றிக்கொள்வதற்காக உள்ளேயே ஆவியாக்கப்பட்ட பேரியப் படலம் அது. கண்ணாடியில் விரிசல் ஏற்பட்டுக் காற்று புகுந்தால் அப்பூச்சு பால்போல் வெளுத்துவிடும். வானொலி பழுதுபார்ப்போர் அந்த வெண்மையைக் கண்டே வால்வு பழுதுபட்டதை அறிந்துகொள்வர்.

வானொலி யாருக்கு?

தமிழகத்தில் வானொலியின் கதை ஆர்வலர்களின் முயற்சியில் தொடங்கியது. சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று 1924-ஆம் ஆண்டு சென்னை மாகாண வானொலிக் கழகத்தைத் தோற்றுவித்தார். அவ்வாண்டு ஜூலைத் திங்கள் 31-ஆம் நாள் அதன் ஒலிபரப்பு தொடங்கியது. பணமின்மையால் மூன்றாண்டுகளில் கழகம் தன் ஒலிபரப்பை நிறுத்தியது. அதன் ஒலிபரப்புக் கருவியைப் பெற்ற சென்னை மாநகராட்சி, 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் ஒலிபரப்பைத் தொடர்ந்தது. கடற்கரையிலும் பூங்காக்களிலும் வைக்கப்பட்ட ஒலிபெருக்கிகளின்முன் மக்கள் மாலைதோறும் கூடினர். அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாளும், திருச்சிராப்பள்ளி நிலையம் 1939-ஆம் ஆண்டு மே 16-ஆம் நாளும் தொடங்கப்பெற்றன.

நிலையங்கள் எழுந்தன, கேட்பதற்கான பெட்டிகளோ மிகச் சில வீடுகளிலேயே இருந்தன. பெட்டிகளும் அவற்றின் வால்வுகளும் அயல்நாடுகளிலிருந்து கப்பலில் வந்தன. பெட்டி வாங்கியவர் அதை வைத்திருப்பதற்கு ஆண்டுதோறும் 10 ரூபாய் செலுத்தி உரிமமும் பெற வேண்டும். மின்சாரம் எட்டாத சிற்றூர்களில் நிலைமை இன்னும் கடினம். வால்வு இழைகளைச் சூடேற்ற ஒரு மின்கலமும், தகடுகளுக்கு உயர் மின்னழுத்தம் தர ஏறத்தாழ 90 வோல்ட் அளவுள்ள பெரிய மின்கல அடுக்கும் தேவைப்பட்டன. அவை தீர்ந்தால் மீண்டும் விலைகொடுத்து வாங்க வேண்டும்.

இரண்டாம் உலகப்போர் 1939-ஆம் ஆண்டு மூண்டதும், அயல்நாட்டுப் பொருள்களின் வரவு தடைபடத் தொடங்கியது. உலகின் போக்கை உடனுக்குடன் அறிய மக்கள் விரும்பிய அதே வேளையில், அதை அறிவிக்கும் கருவி மேலும் அரியதாயிற்று. செய்தி என்பது பணமுடையோர்க்கு மட்டும் உரிய பொருளா என்னும் வினா அங்கே எழுந்தது.

எழுபது ரூபாய்

இச்சூழலில்தான் 1941-ஆம் ஆண்டு ஜி.டி. நாயுடுவின் அறிவிப்பு வெளிவந்தது. ஐந்து வால்வுகள் கொண்ட முழுமையான வானொலிப் பெட்டியை இந்தியாவிலேயே 70 ரூபாய் விலையில் செய்ய இயலும் என்று அவர் தெரிவித்தார்.

அவ்வெண்ணின் பொருளை அவருடைய வாழ்க்கையிலிருந்தே அளந்து காணலாம். மூன்றாண்டு உழைப்பின் சேமிப்பில் அவர் வாங்கிய மோட்டார் சைக்கிளின் விலையைக் கொண்டு இவ்வகை வானொலிகள் நான்கினை வாங்கலாம். அரசுக்குச் செலுத்தும் வானொலி உரிமக் கட்டணத்தை ஏழாண்டுகள் சேர்த்தால் வரும் தொகையே அப்பெட்டியின் முழு விலை. அப்போதும் அது கூலித் தொழிலாளிக்கு எளிதில் எட்டும் தொகையன்று. ஆயினும் ஒரு பள்ளி, ஒரு நூலகம், ஓர் ஊராட்சி, ஆசிரியர் ஒருவரின் குடும்பம் முயன்றால் வாங்கக்கூடிய எல்லைக்குள் அது வானொலியைக் கொண்டுவந்து நிறுத்தியது.

இவ்விலை தரத்தைக் குறைத்துப் பெறுவதும் அன்று. விலை குறைந்த பெட்டி வேண்டுமெனில் ஒன்றிரண்டு வால்வுகளோடு நிறுத்திவிடுவது அக்காலத்தில் எளிய வழி. வால்வே இல்லாத படிகக் கருவிகளும் இருந்தன. அவற்றில் ஒருவர் மட்டும் காதில் கருவி பொருத்தி, அருகிலுள்ள நிலையத்தின் ஒலியை மெல்லக் கேட்க முடியும். நாயுடு அவ்வழிகளைத் தேர்ந்தெடுக்கவில்லை. குடும்பம் முழுவதும் சேர்ந்து, தொலைதூர நிலையங்களையும் தெளிவாகக் கேட்பதற்கு உரிய ஐந்து வால்வு அமைப்பையே அவர் எடுத்துக்கொண்டார். ஏழைக்குத் தருவது தாழ்ந்த பொருளாக இருக்கலாம் என்னும் எண்ணம் அவரிடம் இல்லை என்பதை இத்தேர்வு உணர்த்துகிறது.

ஒரு வானொலிப் பெட்டியைத் திறந்து பார்த்தால் அதில் வால்வுகளைத் தவிரக் கம்பிச்சுருள்கள், மின்மாற்றி, மின்தேக்கிகள், மின்தடைகள், தகரச் சட்டகம், ஒலிபெருக்கி, மரப்பெட்டி ஆகியவை இருக்கும். கம்பி சுற்றுதல், தகடு வெட்டுதல், மரவேலை ஆகியவை கோவைத் தொழிலாளர்கள் ஏற்கெனவே தேர்ந்திருந்த வேலைகள். மின்னோடிக்குக் கம்பி சுற்றிய கை மின்மாற்றிக்கும் சுற்றும். அயல்நாட்டுப் பெட்டியின் விலையில் கப்பல் கட்டணமும் சுங்கமும் இடைத்தரகும் சேர்ந்திருந்தன. உள்ளூர்த் திறனையும் உண்மை அடக்கவிலையையும் அறிந்த ஒருவரால் மட்டுமே அத்தகைய விலையைத் துணிந்து சொல்ல இயலும். கோவையில் யு.எம்.எஸ். பெயரிலேயே வானொலித் தொழிற்சாலையும் பின்னர் இயங்கியது.

எனினும், வால்வு என்னும் கண்ணாடிக் குழாயைத் தொழில்முறையில் பெருமளவில் செய்யும் வசதி அன்றைய இந்தியாவில் இல்லை. நாடு விடுதலை பெற்ற 1947-ஆம் ஆண்டில் அகில இந்திய வானொலிக்கு ஆறு நிலையங்களே இருந்தன. மக்கள்தொகையில் ஏறத்தாழ 11 விழுக்காட்டினரையே அதன் ஒலிபரப்பு எட்டியது. எழுபது ரூபாய் வானொலி வீடுதோறும் ஒலிக்கும் காலம் நாயுடு எண்ணிய விரைவில் வரவில்லை.

கற்பிப்பதிலும் புதுமை

கருவியின் விலையைக் குறைப்பதோடு, கல்விக்குச் செலவாகும் காலத்தையும் குறைக்க வேண்டும் என்று நாயுடு கருதினார். 1944-ஆம் ஆண்டு தம் போக்குவரத்துத் தொழிலின் நேரடிப் பொறுப்பிலிருந்து விலகி, ஆராய்ச்சி மாணவர்க்கான உதவித்தொகை, தொழிலாளர் நலன் ஆகியவற்றிற்குப் பொருள் வழங்கினார். அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் 1945-ஆம் ஆண்டு கோவையில் தொழில்நுட்பக் கல்வி நிறுவனங்கள் தோன்ற அவர் துணைநின்றார். அவற்றின் முதல்வராகவும் பொறுப்பேற்றார். தொடக்கப் பள்ளிப் படிப்பைக்கூட முழுமையாகப் பெறாத ஒருவர் பொறியியல் கல்லூரிக்கு முதல்வரானது அரிய நிகழ்வாகும்.

நான்காண்டுப் பொறியியல் படிப்பை இரண்டு ஆண்டுகளில் கற்பித்துவிடலாம் என்பது அவருடைய கருத்து. பட்டறையில் கைப்படக் கற்றால் காலம் மிச்சமாகும் என்று அவர் நம்பினார். அரசு அதை ஏற்கவில்லை. அவர் பதவியைத் துறந்தார். பின்னர்த் தம் தொழிற்கூடங்களிலேயே இளைஞர்களுக்குக் குறுகிய காலப் பயிற்சிகளை அளித்தார். அக்கல்லூரி இன்று அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக வேறிடத்தில் விளங்குகிறது. அது தோன்றிய இடமோ, இன்றும் ஹோப் காலேஜ் என்னும் பேருந்து நிறுத்தத்தின் பெயரில் வாழ்கிறது.

உரிமமும் உள்ளக் குமுறலும்

விடுதலைக்குப் பின்னரும் நாயுடுவின் முயற்சி ஓயவில்லை. இருவர் அமர்ந்து செல்லும் சிறிய பெட்ரோல் மகிழுந்து ஒன்றை 1952-ஆம் ஆண்டு அவர் உருவாக்கினார். அதன் விலை 2,000 ரூபாய். மகிழுந்து என்பது பெருஞ்செல்வரின் அடையாளமாக இருந்த காலத்தில் அது வியப்புக்குரிய விலை. ஆனால், அதைத் தொழில்முறையில் செய்ய அரசின் உரிமம் கிடைக்கவில்லை. உற்பத்தி நின்றது.

புதிதாக விடுதலை பெற்ற நாடு, தன்னிடமிருந்த குறைந்த மூலப்பொருளையும் அயல்நாட்டுச் செலாவணியையும் திட்டமிட்டுப் பங்கிட வேண்டிய நிலையில் இருந்தது. எந்தத் தொழிலை யார் எவ்வளவு செய்யலாம் என்பதை உரிமங்கள் முடிவுசெய்தன. அக்கட்டுப்பாட்டிற்குரிய காரணங்கள் அரசிடம் இருந்தன. செய்யத் தெரிந்தும் செய்ய முடியாத நிலையில் நின்ற ஒருவரின் வேதனையும் பொய்யன்று. வரிச்சுமைக்கும் கட்டுப்பாடுகளுக்கும் எதிரான சினத்தில், தாம் உருவாக்கிய பொருள்கள் சிலவற்றைத் தாமே உடைத்து அவர் தம் எதிர்ப்பைக் காட்டினார். ஆக்குவதற்கென்றே வாழ்ந்த கைகள் அழிக்க நேர்ந்தது அவர் வாழ்வின் துயரமான பகுதி. அச்செயலைச் சிலர் புரிந்துகொண்டனர். சிலர் குறை கூறினர்.

ஒசூர் வட்டாரத்தின் தொரப்பள்ளியில் 1878-ஆம் ஆண்டு பிறந்த இராஜாஜி, உரிமங்களாலும் அனுமதிகளாலும் தொழிலை நடத்தும் முறையைக் கடுமையாக எதிர்த்தவர். 1959-ஆம் ஆண்டு அவர் சுதந்திராக் கட்சியைத் தோற்றுவித்தபோது அவ்வெதிர்ப்பு அரசியல் வடிவம் பெற்றது. கோவைத் தொழிற்கூடத்தில் ஒருவர் பட்ட இடர், இவ்வாறு நாடு தழுவிய விவாதத்தின் ஒரு பகுதியாக இருந்தது.

எல்லையோர நகரங்கள் தந்த விடை

நாயுடுவின் கனவுகள் வேறு கைகளால், வேறு இடங்களில் நனவாயின. பெங்களூரில் 1954-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம், 1961-ஆம் ஆண்டு வானொலி வால்வுகளைச் செய்யத் தொடங்கியது. எழுபது ரூபாய் அறிவிப்பிற்குப் பின் இருபது ஆண்டுகள் கடந்திருந்தன. அமெரிக்காவில் 1947-ஆம் ஆண்டு உருவாகியிருந்த டிரான்சிஸ்டர், அதற்குள் உலகெங்கும் வால்வின் இடத்தைப் பிடிக்கத் தொடங்கியிருந்தது. அதே பெங்களூர் நிறுவனம் 1962-ஆம் ஆண்டு ஜெர்மானியக் குறைகடத்திகளையும் செய்யத் தொடங்கியது. இழையும் சூடும் வேண்டாத அச்சிறு துணுக்கு, சில சிறிய மின்கலங்களோடு வானொலியை உழவரின் வரப்புக்கும் தையற்காரரின் கடைக்கும் கொண்டுசென்றது. வானொலி எளியோர்க்கு உரியதாயிற்று.

பெங்களூரை ஒட்டித் தமிழக எல்லையில் அமைந்த ஒசூரும் அதனைச் சூழ்ந்த கிருஷ்ணகிரி மாவட்டமும் பிற்காலத்தில் பெருந்தொழில் வட்டாரமாக வளர்ந்தன. இருவர் செல்லத்தக்க டி.வி.எஸ். 50 என்னும் சிறுவண்டி 1980-ஆம் ஆண்டு ஒசூரிலிருந்து வெளிவந்து, பால்காரரும் ஆசிரியரும் சிறு வணிகரும் ஓட்டும் வண்டியாயிற்று. இருவர் செல்லும் மலிவான வண்டி என்று நாயுடு கண்ட கனவின் எளிய வடிவம் அது. கைக்கடிகாரம், சரக்குந்து, மின்சார இருசக்கர வண்டி, கைப்பேசி உறுப்புகள் ஆகியவை இன்று அவ்வட்டாரத்தில் உருவாகின்றன. ஒருகாலத்தில் கப்பலை எதிர்பார்த்துக் காத்திருந்த நிலத்திலிருந்து இன்று பொருள்கள் கப்பலேறுகின்றன.

நிலைத்த தடம்

ஜி.டி. நாயுடு 1974-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் நாள் மறைந்தார். அவர் சேகரித்தவையும் படைத்தவையும் கோவை அவிநாசி சாலையில் உள்ள அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. இந்தியாவின் எடிசன் என்று மக்கள் அவரைப் போற்றுகின்றனர். ஆயினும், எத்தனை கருவிகளைப் படைத்தார் என்பதைக் காட்டிலும், ஒவ்வொரு கருவிக்கும் அவர் குறித்த விலையே அவரை அடையாளம் காட்டுகிறது. அறிவியலின் பயன் எவ்வளவு தொலைவு சென்று சேர்கிறது என்பதை அவர் விலைச்சீட்டைக் கொண்டு அளந்தார். வால்வின் செந்நிற ஒளி இன்று பழம்பொருளாகிவிட்டது. புதிய கருவி ஒவ்வொன்றும் சந்தைக்கு வரும்போது, அது யார் கைக்கு எட்டும் என்னும் அவருடைய வினா மட்டும் பழமையாகவில்லை.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் உள்ள பெரியவர்களிடம் பழைய வால்வு வானொலியைப் பற்றிக் கேட்டறிந்து, ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.

2. ஐந்து வால்வு வானொலியில் ஒவ்வொரு வால்வும் ஆற்றும் பணியைப் படம் வரைந்து வகுப்பறையில் விளக்குக.

3. பொறியியல் கல்வியின் கால அளவு பற்றிய ஜி.டி. நாயுடுவின் கருத்தை ஏற்றும் மறுத்தும் இரு குழுக்களாகப் பிரிந்து கலந்துரையாடுக.

4. நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் கருவி ஒன்றை எளியோரும் வாங்கும் விலையில் செய்ய எவ்வெவற்றை மாற்றலாம் என்று சிந்தித்துப் பட்டியலிடுக.